விலை சொல்லுகிறவர் யார்?

தக்காளி கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்ற 2023-ம் வருஷத்து ஜூலை மாதத்தை நம் நேயர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரசத்தில் மிதந்தது தக்காளியா, அல்லது தக்காளியைப் பற்றிய ஞாபகம் மட்டுந்தானா என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடந்த மாதம் அது. பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. சர்க்காரும் சென்னையில் நியாய விலைக் கடைகளில் தக்காளி விற்க ஏற்பாடு செய்தது. எல்லாம் சரிதான். ஆனால், வேறு சில மாதங்களில் இதே தக்காளி பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விடப்படுகிறது. பறித்ததும் சாலையோரத்தில் கொட்டப்படுகிறது. அந்த மாதங்களை நாம் வெகு சுலபமாக மறந்துவிடுகிறோம். அப்பொழுது நம் வீட்டு ரசம் நன்றாயிருக்கிறதல்லவா?

இந்த இரண்டு வகை மாதங்களுக்கும் நடுவே ஒரு கேள்வி கிடக்கிறது. நிலம் தம்முடையது, உழைப்பு தம்முடையது, விளைந்த பொருளும் தம்முடையது என்றிருக்கும் குடியானவர், அதற்கு விலை சொல்லும் இடத்தில் மட்டும் ஏன் கைகட்டி நிற்கிறார்? நாம் கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கினால் விலையை விற்கிறவர் சொல்லுகிறார். குடியானவர் வண்டிச் சத்தம் கொடுத்து மண்டிக்கு மூட்டை கொண்டு போனாலோ, விலையை வாங்குகிறவர் சொல்லுகிறார்.

மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள செல்லூரில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. செல்லூரின் கண்மாய் இன்னும் இருக்கிறது. அதன் தண்ணீரை நம்பியிருந்த வயல்கள் வீடுகளாகவும் தெருக்களாகவும் மாறிவிட்டன. ஊர், தறிக்காரர்களின் ஊராகப் பேர் பெற்றது. தறிக்காரருக்கு இந்த விலை விஷயத்தை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. நூலைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்ளும் முதலாளியிடம் முன்பணம் பெற்றவர் தம் துணிக்கு விலை சொல்லுவதில்லை. முதலாளி சொல்லுவதைக் கேட்டுக்கொள்ளுகிறார். அந்தக் கட்டிலிருந்து வெளியேற வேண்டுமென்றுதான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அவற்றின் துணியை விற்பதற்கென்று 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் ஏற்பட்டது. செல்லூரைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களின் குடியானவருக்கும் நெசவாளருக்கும் கட்டு ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், நெய்த துணி பெட்டியில் பத்து நாள் கிடக்கும். பறித்த பூ கிடக்காது.

பூ என்றதும் மதுரை மல்லிகையைப் பற்றிப் பேசாமலிருக்க முடியுமா? திருமங்கலம், உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கங்களில் வெயில் ஏறுவதற்கு முன்பே செடிச் செடியாகக் குனிந்து மொட்டுப் பறிக்கிறார்கள். மொட்டு மொட்டாக இருக்கும்போதே அது மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மாலையில் அது விரியும். மறுநாள் அதற்கு மதிப்பில்லை. ஆகவே மல்லிகை விளைவிக்கிறவர் தம் பொருளை விற்பதற்கு உள்ள அவகாசம் சில மணி நேரந்தான். வாங்குகிறவருக்கு அந்த அவசரம் கிடையாது. எதிரில் நிற்பவர் திரும்பிப் போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். எதிரில் நிற்பவருக்கும் அது தெரியும். இந்த நிலையில் விலை எப்படிப் பேசப்படும் என்பதை யூகிக்கப் பொருளாதார சாஸ்திரம் படிக்கவேண்டியதில்லை.

பொங்கலை ஒட்டி மல்லிகை கிலோ மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. உடனே பட்டணத்தில் இருக்கும் நாம், "அடேயப்பா, பூக்காரக் குடியானவர்களுக்கு யோகந்தான்!" என்கிறோம். மார்கழிப் பனியில் செடியில் பூ எத்தனை இருக்கும் என்பதை யோசிப்பதில்லை. கோடையில் கொடி கொள்ளாமல் பூக்கும்போது விலை சில நூறுகளுக்கு இறங்கி, வாசனைத் திரவிய ஆலைகள் கொடுக்கும் விலையே போதுமென்ற நிலைக்கு வந்துவிடுகிறது. விலை இருக்கும்போது பூ இல்லை. பூ இருக்கும்போது விலை இல்லை. இதோடு, உரம் வாங்கவும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவும் பூக்கடைக்காரரிடமே முன்பணம் வாங்கியிருந்தால், வேறு கடைக்குக் கூடையைக் கொண்டு போகும் பாக்கியமும் போயிற்று. 2013-ல் மதுரை மல்லிகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூவை மதுரை மல்லி என்று விற்கலாகாது என்ற பாதுகாப்பு, பெருமைக்குரிய விஷயந்தான். பூவின் பெயருக்குக் காவல் வந்துவிட்டது. பூவைப் பறித்தவரின் விலைக்கு வரவில்லை.

முன்பணம் கொடுக்கிற வியாபாரியை ராட்சஸனாக வர்ணித்துவிட்டால் கட்டுரை எழுதுவது சுலபம். ஆனால் அது நியாயமாகாது. இரவு பத்து மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் என்று போனால் பணம் எடுத்துக் கொடுக்கிறவர் அந்த மனிதர்தான். பாங்கி அந்நேரத்தில் திறந்திருப்பதில்லை. திறந்திருந்தாலும் பத்திரம் கேட்கும். தமிழ்நாட்டில் 2015-16-ம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி ஒரு குடும்பத்தின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. நிலமுடையவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். இரண்டு ஏக்கர்காரர் தனியாக மண்டியில் நிற்கும்போது, வியாபாரி நல்லவராயிருந்தாலும் கெட்டவராயிருந்தாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். காத்திருக்க முடிந்தவர் விலை சொல்லுகிறார், முடியாதவர் கேட்டுக்கொள்ளுகிறார்.

இந்த விஷயத்தில் மதுரைக்கு ஒரு விசேஷப் பெருமை உண்டு. 1999-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி, அப்போது முதன் மந்திரியாயிருந்த மு. கருணாநிதி தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைத் திறந்தது இந்நகரில்தான். செல்லூருக்குக் கிழக்கே, அதே வடகரையிலுள்ள அண்ணா நகரில். பஞ்சாபில் 1987-ல் தோன்றிய "அப்னி மண்டி"யும், ஆந்திராவில் அதே 1999-ன் தொடக்கத்தில் வந்த "ரைத்து பஜா"ரும் இதற்கு அண்ணன்மார்கள். ஏற்பாடு வெகு எளிது. விளைவிக்கிறவர் என்று விசாரித்து அடையாள அட்டை கொடுப்பார்கள். அட்டை உள்ளவர் தம் காய்கறியைத் தாமே கொண்டுவந்து விற்கலாம். கடைக்கு வாடகை கிடையாது, தரகு கிடையாது, தராசும் சந்தையே கொடுக்கும். ஒவ்வொரு நாளும் மொத்த மார்க்கெட்டின் விலையை விசாரித்து, அதைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இருபது கூடவும், வெளிச் சில்லறை விலையைவிட நூற்றுக்குப் பதினைந்து குறையவும் இருக்கும்படி விலையை வைத்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். விற்கிறவருக்கும் லாபம், வாங்கும் நமக்கும் லாபம். நடுவிலிருந்த பங்கு இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் போய்விட்டது.

காலை வேளையில் அந்தச் சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கீரைக்கட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாள், "நேற்றுச் சாயங்காலம் பறிச்சதுங்க" என்கிறார். கடைக்காரர் அதே வார்த்தையைச் சொன்னால் நாம் நம்புவதில்லை. இந்த அம்மாளின் நகக்கண்ணில் மண் இருப்பதால் நம்புகிறோம். ஆட்சி மாறியபோது உழவர் சந்தைகள் சில வருஷங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்ததுண்டு. 2006-க்குப் பிறகு மீண்டும் உயிர் பெற்றன. இன்று மாகாணமெங்கும் நூற்றெண்பதுக்கு மேல் இருக்கின்றன.

ஆனாலும் உழவர் சந்தையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அங்கே குடியானவர் தாமே வந்து உட்கார வேண்டும். கீரைக்கட்டோடு பட்டணத்தில் உட்கார்ந்திருக்கும் காலைப் பொழுது, வயலில் இல்லாத காலைப் பொழுது. பக்கத்துக் கிராமத்துக்காரருக்குச் சரி. முப்பது மைலுக்கு அப்பால் பேரையூர்ப் பக்கத்தில் மானாவாரிப் பருத்தியும் குதிரைவாலியும் போட்டவர் அதைக் கூடையில் வைத்துக்கொண்டு அண்ணா நகரில் உட்கார முடியுமா? சந்தை, தனித்தனி மனிதருக்கு இடம் கொடுத்தது. பத்துப் பேரின் பொருளை ஒருவர் கொண்டு வந்து விற்று, கணக்கைப் பத்துப் பேருக்கும் ஒப்புவிப்பது வேறு காரியம். அதற்குச் சங்கம் வேண்டும்.

சங்கம் என்ற யோசனை நமக்குப் புதிதல்ல. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே வருஷத்தில், அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. ஐக்கிய நாணய சங்கம் என்று அந்நாளில் சொல்லுவார்கள். கடனுக்குச் சங்கம் வந்ததே தவிர, விற்பனைக்கு வர வெகு காலம் ஆயிற்று. அந்தக் காலத்து மண்டிகளில் விலை பேசிய விதத்தைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தரகரும் வியாபாரியும் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேரம் முடிப்பார்கள். பொருளுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சாம்பிளுக்கு ஒரு கை, மகமைக்கு ஒரு கை, சாக்கு எடைக்கு ஒரு கழிவு. 1928-ல் ராயல் விவசாயக் கமிஷன் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தும் மார்க்கெட்டுகள் வேண்டுமென்றது. 1933-ல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டம் வந்தது. 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு முதல் கூடம் ஏற்பட்டது. இன்று திருமங்கலத்திலும் வாடிப்பட்டியிலும் இருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் அந்த வம்சத்தைச் சேர்ந்தவை. துண்டு போய் ஏலம் வந்தது. 2016 முதல் கம்ப்யூட்டரில் ஏலம் கேட்கும் தேசிய மார்க்கெட்டும் வந்திருக்கிறது.

அந்தக் கூடங்களில் ஏலத்தைவிட நமக்கு முக்கியமாகத் தோன்றுவது கிடங்குதான். அறுவடையான பருத்தியையோ தானியத்தையோ கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரை குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம். பொருளீட்டுக் கடன் என்று பெயர். வீட்டுச் செலவுக்குப் பணம் கைக்கு வந்துவிடுகிறது. பொருளோ விலை ஏறும் வரையில் கிடங்கில் இருக்கிறது. காத்திருக்கும் சக்தியை ரூபாயாக மாற்றிக் கையில் கொடுப்பது இதுதான். இதை உபயோகித்துக்கொள்ளுகிறவர்களைவிட, இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் அதிகமென்பது நம் அபிப்பிராயம்.

சரி, தானியத்துக்குக் கிடங்கு உண்டு. மல்லிகைக்கு என்ன வழி? இங்கேதான் நாம் குஜராத் வரை போய் வரவேண்டியிருக்கிறது. போகும் வழியையும் மதுரை ஜில்லாவே காட்டுகிறது. தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி நாட்களைக் கழித்து, 1960-ல் காலமான ஜே. ஸி. குமரப்பாவை நேயர்கள் அறிவார்கள். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் படித்து, பம்பாயில் கணக்குப் பரிசோதகராயிருந்தவர்; காந்திஜியைச் சந்தித்த பிறகு கிராமங்களின் கணக்கைப் பரிசோதிக்கப் புறப்பட்டார். 1929-30-ல் அவர் வீடு வீடாக விசாரித்து எழுதியது கேடா ஜில்லாவின் மாதர் தாலுகாவைப் பற்றி. குடியானவர் குடும்பத்தின் வரவு செலவைப் புள்ளிவிவரமாக வைத்து வறுமையை நிரூபித்த புத்தகம் அது.

அதே கேடா ஜில்லாவில் 1946-ல் நடந்ததைக் கேளுங்கள். பால், மல்லிகையைப் போலவே, காத்திருக்காத பொருள். காலையில் கறந்தது மாலைக்குள் விற்கவேண்டும். பம்பாய்க்குப் பால் வாங்கி அனுப்பும் உரிமை போல்ஸன் கம்பெனியிடம் இருந்தது. விலையைக் கம்பெனியும் அதன் தரகர்களும் வைத்தார்கள். குடியானவர்கள் சர்தார் வல்லபாய் படேலிடம் போனார்கள். கம்பெனியைத் திட்டிக்கொண்டிராமல் நீங்களே சங்கம் வைத்து, நீங்களே பாலைப் பக்குவம் செய்யும் ஆலையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவருடைய யோசனை. 1946 ஜனவரி 4-ந் தேதி மொரார்ஜி தேசாய் முன்னிலையில் சமர்க்கா கிராமத்தில் கூட்டம் நடந்தது. சங்கத்தை அங்கீகரிக்க மறுக்கவே, பதினைந்து நாட்கள் ஒரு சொட்டுப் பால்கூட விற்பதில்லை என்று நின்றார்கள். தம் வீட்டுக் கறவையின் பாலைத் தாமே வீணாக்குவதென்றால் எத்தனை வயிற்றெரிச்சல்! ஆனால் பதினாறாம் நாள் பம்பாய்க்காரர்கள் இறங்கி வந்தார்கள். அவ்வருஷம் டிஸம்பர் 14-ந் தேதி சங்கம் ரிஜிஸ்தர் ஆயிற்று. திரிபுவன்தாஸ் படேல் தலைவரானார். பிற்காலத்தில் உலகமெல்லாம் "அமுல்" என்று பெயர் வாங்கியது அந்தச் சங்கந்தான்.

பதினைந்து நாள் மறியலைப் பற்றி எல்லோரும் சொல்லுகிறார்கள். நாம் கவனிக்கவேண்டியது அதற்குப் பின் நடந்ததை. கொஞ்சப் பாலோடு, இரண்டு கிராமச் சங்கங்களோடு ஆரம்பித்து, சொந்த ஆலை வைத்தார்கள். மிஞ்சிய பால் வெண்ணெயாகவும் மாவாகவும் மாறக்கூடும் என்ற நிலை வந்த அன்றுதான் பால் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. கொடிகொள்ளாத கோடை மல்லிகையை வாங்கி வாசனைச் சாறாக்கும் ஆலை, பூ விளைவிக்கிறவர்களின் சொந்தமாயிருந்தால் அந்த நாட்களின் பேரம் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாட்டுத்தாவணியில் விலை பிடிக்கவில்லையானால் கூடை போவதற்கு வேறு ஓர் இடம் இருக்கும். அது போதும்; எல்லாப் பூவும் அங்கே போகவேண்டியதில்லை.

கூட்டுறவு என்ற வார்த்தையே மந்திரமென்று நாம் சொல்ல வரவில்லை. அலங்காநல்லூரில் கரும்பு விவசாயிகளைப் பங்குதாரர்களாகக் கொண்ட கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்புப் பற்றாக்குறையினால் 2019-ஐ ஒட்டி அரவை நின்றது. ஆலையைத் திறக்கவேண்டுமென்று அந்த விவசாயிகளே போராட வேண்டியதாயிற்று. சொந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு வெளியே நிற்பதற்கு ஒப்பானது இது. பத்திரத்தில் உடைமை இருந்தும் நிர்வாகத்தில் குரல் இல்லாவிட்டால் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் குடியானவர் கண்ணில் அதிக பேதம் தெரியாது.

இப்பொழுது புதிய உருவம் ஒன்று வந்திருக்கிறது. 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, விளைவிக்கிறவர்களே அங்கத்தினராயிருக்கும் உற்பத்தியாளர் கம்பெனிக்கு வழி செய்தார்கள். யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வோட்டுத்தான். தமிழ்நாட்டில் 2017-18 முதல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் இருபது பேர் ஒரு குழு, ஐந்து குழு சேர்ந்து நூறு பேர் என்று ஒன்றுசேர்த்து, நூறு பேர் குழுவுக்கு இயந்திரம் வாங்க ஐந்து லட்ச ரூபாய் கொடுத்தார்கள். 2020-ல் மத்திய சர்க்கார் பதினாயிரம் உற்பத்தியாளர் ஸ்தாபனங்களை ஏற்படுத்துவதென்று ஆரம்பித்தது. எண்ணிக்கையைக் கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே இருந்து இலக்கு வைத்துச் சங்கம் பிறப்பிக்கும்போது, அங்கத்தினர் ஜாபிதா பூர்த்தியாகிவிடும். சங்கம் பிறந்ததா என்பது முதல் அறுவடையில்தான் தெரியும்.

நம் குடியானவர்களுக்கு ஒன்றுசேரத் தெரியாது என்று சிலர் சொல்லுகிறார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மின்சாரக் கட்டணத்துக்காகக் கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகளால் அடைத்தவர்கள் யார்? 2020-ல் வந்த மூன்று விவசாயச் சட்டங்களை எதிர்த்து டில்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, 2021 நவம்பரில் அவற்றை வாபஸ் வாங்கச் செய்தவர்கள் யார்? ஒன்றுசேரத் தெரியும். ஆனால் சர்க்காரிடம் கேட்பதற்காகச் சேருவது ஒரு வகை. சந்தையில் விற்பதற்காகச் சேருவது வேறு வகை. முதலாவதற்குக் கோபம் போதும். இரண்டாவதற்குப் பக்கத்து வயல்காரர் தராசில் நிறுத்த எடையின்மேல் நம்பிக்கை வேண்டும்.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை எப்பொழுது வருகிறது? சங்கம் ஆரம்பித்த சில நாட்களில், வியாபாரி ஒரு அங்கத்தினரைத் தனியாகக் கூப்பிட்டு, "சங்கத்தில் கொடுப்பதைவிடக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடத் தருகிறேன், பணம் இப்பொழுதே" என்பார். சங்கமோ விற்ற பணத்தைப் பத்து நாள் கழித்துக் கொடுக்கும். செல்லூர் ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பையன்களுக்கு இது நன்றாகப் புரியும். பாடிக்கொண்டு வருகிறவர் ஒருவர். பிடிக்க நிற்பவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் கைகோத்திருந்தால் அவர் கோட்டைத் தாண்ட முடியாது. ஒரு கை நழுவினால் போதும், அந்த வழியாகப் போய்விடுவார். அந்த ஐந்து ரூபாய் ஒரு வாரத்துக்குத்தான் கிடைக்கும். சங்கம் கலைந்த மறு வாரம் விலை பழையபடி இறங்கும்.

ஆனால் கையை விட்டவர்மேல் மட்டும் குற்றம் சுமத்துவது நம்மால் ஆகாது. பத்து நாள் காத்திருக்க அவரிடம் என்ன இருக்கிறது? ஆகவே சங்கம் நடத்துகிறவர்கள் முதலில் சேர்க்கவேண்டியது பத்து நாள் பணம். பூ வந்த அன்றே, பாதியையாவது கையில் கொடுக்கும் மூலதனம் இல்லாத சங்கத்துக்கு விளம்பரப் பலகை எழுதுவது வீண் செலவு. ஆவின் சங்கங்களில் பாலின் கொழுப்பைப் பரிசோதித்து அங்கத்தினரின் கணக்கில் எழுதுவதைப் போல, பூவுக்கும் தரம் பிரித்து, எடை போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்தால் சந்தேகத்துக்கு இடமிராது. அட்டை, கிடங்கு, சட்டம், கம்ப்யூட்டர் எல்லாம் வந்துவிட்டன. மிகவும் சாதாரணமான இந்தக் கைப்பணந்தான் இன்னும் வந்து சேரவில்லை.

செல்லூரில் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் பூக்காரி தெருவில் வருகிறாள். நம் வீட்டுப் பெண்மணிகள் முழத்துக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள்; அவளும் கொஞ்சம் குறைத்து, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி அளந்து கொடுக்கிறாள். அவளுடைய கூடையில் மொட்டுகள் அப்பொழுதுதான் வாய் திறக்கின்றன. அவற்றைப் பறித்தவருடைய விலை விடியற்காலையிலேயே முடிந்துபோய், அவர் வீட்டுக்குத் திரும்பிப் பத்து மணி நேரம் ஆகிவிட்டது.